கடுங்காப்பியும் கிளாரினெட்டும்

கிளாரினெட் கேட்க ஆசைப்படுகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் வந்து, "எந்தக் கேசட் நல்லாருக்கும்?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சுரமும் தெரியாது, தாளமும் தெரியாது. டைப் அடித்துச் சம்பாதித்தவள் நான். ஆனாலும் கூசாமல் பதில் சொல்வேன். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது காதில் விழுகிறதா பாருங்கள், விழுந்தால் வாங்குங்கள். மூச்சைத் துடைத்தெடுத்துவிட்டு மொழுமொழுவென்று பதிந்திருந்தால் அதைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளட்டும். இந்த ஞானம் எனக்கு வந்த விதம் பெரிய கூத்து.

தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்குக் கிளாரினெட் என்றால் பேண்டு செட்தான். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். சாவு வீட்டுக்கும் அதே ஆட்கள், அதே வெள்ளை யூனிபாரம். ஆனால் பாட்டை மட்டும் இழுத்து இழுத்து மெதுவாக வாசிப்பார்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடானாலும் சரி, எங்களைப் போன்ற கடைக்காரக் குடும்பமானாலும் சரி, காலையில் ஒரு வீட்டிலிருந்து கிளாரினெட் மெதுவாக எழுந்தால் யாரும் வந்து சேதி சொல்ல வேண்டியதில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பக்கத்து வீட்டுக்காரி உடனே கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி வைப்பாள். இன்னொருவர் மாலை வாங்க ஓடுவார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு புது ஹார்பரில் கப்பல் கப்பலாக ஏறி இறங்குவார். மற்ற வீட்டு ஆம்பிளைகள் கப்பலிலிருந்து சோப்பு கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள். இவர் ஒரு நாள் கேசட் கொண்டுவந்தார். ஏதோ ஐரோப்பியக் கப்பலில் ரேடியோ ஆபீசர் தன் அறையில் போட்டிருந்ததைக் கேட்டுவிட்டு, போன வேலையை மறந்து வாசலிலேயே நின்றாராம். அந்த வெள்ளைக்காரர் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு கேசட்டில் பதிந்து கொடுத்திருக்கிறார்.

"ஏளா, நம்ம பேண்டு செட்டுல வாசிக்கானே, அதே கொழல்தான். ஆனா இது வேற" என்றார். எப்படி வேற என்று கேட்டேன். கையை மட்டும் விரித்தார்.

அன்றைக்குப் பிடித்தது பித்து. டேப்ரிக்கார்டரை சைக்கிளில் கட்டிக்கொண்டு சலூனுக்குப் போவார், டீக்கடைக்குப் போவார். "ஒரு அஞ்சு நிமிசம் கேளுங்க அண்ணாச்சி, சும்மா கேளுங்க." டீக்கடை அண்ணாச்சி ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "உள்ள வாரவன்லாம் யாரு செத்தான்னு கேக்கான். நான் யாவாரம் பாக்கணுமா வேண்டாமா?"

கடையில் போட்டால் அவர்கள் தலையெழுத்து. என் வீட்டில் மட்டும் போடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். காரணம் என் அப்பா. ஆறுமுகநேரியில் கடை வைத்துக் காலமெல்லாம் நின்றே வாழ்ந்த மனிதர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து என் வீட்டு முன்னறையில் படுத்திருந்தார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அடுத்தவள் கையால் அள்ளிப் போட்டுத் தின்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. வாயைப் பூட்டிக்கொண்டார். பால் இரண்டு கரண்டி இறங்கினால் அதிசயம்.

"எலும்பு சேந்துரும்மா. சாப்பிடாம கெடக்காரே, அதுதான் ஆளைக் கொண்டுபோயிரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன், கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து அழுதும் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தெருவுக்கே விஷயம் தெரியும். இன்றைக்கோ நாளைக்கோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டுக்காரரிடம், "அந்தச் சத்தம் இங்கன கேட்டுச்சு, டேப்ரிக்கார்டரு கடலுக்குள்ள கெடக்கும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லி வைத்தேன். நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். தெரு முனையில் வரும்போதே காதில் விழுந்துவிட்டது. கிளாரினெட். மெதுவாக. எங்கள் வாசலில் செருப்புகள் கிடந்தன. கோடி வீட்டு அண்ணாச்சி கையில் ரோஜா மாலையோடு படியேறிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. "யப்பா, என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று நான் போட்ட கூப்பாடு அடுத்த தெருவுக்குக் கேட்டதாம். மீன்பை நடுரோட்டில் விழுந்து, பூனைக்கு அன்றைக்கு விருந்து.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னறைக்குள் விழுந்தேன். பக்கத்து வீட்டு மைனி தூக்குவாளியோடு நிற்கிறாள். என் வீட்டுக்காரர் மூலையில் திருடன் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறார். நாற்காலி மேல் டேப்ரிக்கார்டர் ஓடுகிறது. கட்டிலில் அப்பா. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்துக் கோபப்பட்டது.

"ஏளா, சத்தம் போடாத. அவன் இன்னும் முடிக்கல."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வாயடைத்துப் போனதால்தான் கேட்டேன், இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன்.

அடேயப்பா. ஒரு மனுஷனால் அவ்வளவு மெதுவாகப் போக முடியுமா? மேலே இருந்து படி படியாக இறங்கியது. இதற்குக் கீழே இடமில்லை என்று நான் நினைத்த இடத்துக்குக் கீழேயும் இறங்கியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து நூலாகி, நின்றதா நிற்கவில்லையா என்று தெரியாத ஓரத்துக்குப் போனது. அப்போது, தெளிவாக, வாசிக்கிறவன் மூச்சு இழுத்தான். எந்த ஊரோ, என்ன பெயரோ. எங்கள் முன்னறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழுத்தது போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். நாள் கணக்காக வெடுக் வெடுக்கென்று இரைத்துக்கொண்டிருந்த நெஞ்சு, அந்த முகம் தெரியாதவனோடு சேர்ந்து நிதானமாக ஏறி இறங்கியது. அவன் இழுத்தால் இவரும் இழுத்தார். அவன் விட்டால் இவரும் விட்டார். சாமி கும்பிடப் போன இடத்தில்கூட நான் அப்படித் திகைத்து நின்றதில்லை.

கேசட் முடிந்து டக்கென்று நின்றது. துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் யார் முதலில் பேசுவது என்று முழித்தது. அப்பாதான் பேசினார். தூக்குவாளியைப் பார்த்து, "அது என்ன, காப்பியா?" என்றார்.

மைனிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஆமா மாமா... சும்மா... கொண்டாந்தேன்."

"குடு."

தன் சாவுக்கு வைத்த கடுங்காப்பியை ஒரு தம்ளர் முழுக்கக் குடித்தார். அண்ணாச்சி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். "அது யாருக்குடே?" என்று அப்பா கேட்க, "கோயிலுக்கு, மாமா" என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வீட்டுக்காரரை ஏசுவதற்கு எடுத்து வைத்த வார்த்தையெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் அப்பா, "அதப் போடு" என்றார். விடுவேனா நான்? "கஞ்சி குடிச்சாத்தான் போடுவேன்" என்றேன். முறைத்தார். நானும் முறைத்தேன். வாயைத் திறந்தார்.

அப்புறம் கேசட் தேடும் வேலை எனக்கு வந்துவிட்டது. ஒரே பாட்டு எத்தனை நாளைக்கு? வீட்டுக்காரரை ஒவ்வொரு கப்பலுக்கும் கேட்டு வரச் சொல்லி விரட்டினேன். பதிந்து கொடுக்கும் கடைக்கு நானே போய் நின்றேன். அங்கே கிளாரினெட் என்றால் சினிமாப் பாட்டைத்தான் எடுத்து நீட்டினார்கள். அதைப் போட்டால் அப்பா காலை ஆட்டுவார், கஞ்சி இறங்காது. ரேடியோவில் விடியற்காலையில் வைத்த கிளாரினெட் கச்சேரி ஒன்றைப் பிடித்துப் பதிந்தேன். ஆலாபனை முழுக்கக் குடித்தார், தவில் வந்ததும் நிறுத்திவிட்டார். முதல் கேசட்டில் இருந்த அதே பாட்டை இன்னொருவர் வாசித்த கேசட்டும் ஒரு கப்பலில் கிடைத்தது. ஒரே மெட்டு, இரண்டு ஆள், இரண்டும் வேறு வேறு உலகம்! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அப்பா பாதியில் முகத்தைச் சுளித்தார். "இவன் அவசரப்படுதான்ளா. பழைய ஆளையே போடு." இப்படித்தான் எது நல்லது எது மட்டம் என்று நான் படித்தேன். தொண்டையில் இறங்கினால் நல்லது.

கஞ்சி சோறாகி, சோறு மீன்குழம்பாகி, அப்பா சுவரைப் பிடித்து நடக்கவும் செய்தார். தெருவும் பழகிவிட்டது. கிளாரினெட் கேட்டால் மைனி ஜன்னல் வழியாக, "மாமா சாப்பிடுதாவளா?" என்று கேட்பாள். யாரும் கடுங்காப்பி வைக்கவில்லை, மாலை வாங்க ஓடவில்லை.

அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் வந்து மறுபடி படுத்தார். ஒரு காலையில் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். தலையை மெதுவாக அசைத்தார், வேண்டாம் என்று. நான் முறைக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பழைய ஆளைப் போட்டேன். "சும்மா கேளுங்கப்பா" என்றேன். அவரும் அவனும் கொஞ்ச நேரம் சேர்ந்து மூச்சு விட்டார்கள். அப்புறம் அவன் இழுத்தான், அப்பா இழுக்கவில்லை.

கேசட்டை நான் நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் ஹார்பருக்குப் போயிருந்தார். யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. ஒருவரும் வரவில்லை. எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலைத் தட்டினேன். மைனி கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னளா, இன்னைக்கு மாமா நல்லாச் சாப்பிட்டாவளா? பாட்டு ரொம்ப நேரம் கேட்டுச்சே."