சித்ரலேகா காட்டாத நாலு வரி

பேட்டை தொழிற்பேட்டையில், ஒற்றை ஷெட்டில், எடைமேடையைக் கணினியோடு இணைக்கும் கார்டுகளைச் செய்துவந்தாள் சித்ரலேகா. பாலிடெக்னிக் ஆசிரியர் வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது. ஆறு அரிசி மில்களில் அவள் கார்டுதான். கார்டையும் கணினியையும் பேசவைக்கும் சின்ன புரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். அதை மட்டும் பூட்டியே கொடுப்பாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று யாருக்கும் காட்டமாட்டாள்.

கேட்டால், "காட்டினா கோயம்புத்தூர்க்காரன் பத்தே நாள்ல இதே கார்டைச் செஞ்சிருவான்" என்பாள். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. சென்னையில் மலிவாக வாங்கிவந்த மின்னணுச் சில்லுகளில் ஒரு கோளாறு: முந்தைய எடையின் மிச்சம் அடுத்த அளவிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு அளவுகளைத் தள்ளிவிட்டு மூன்றாவதை மட்டும் எடுக்கும்படி டிரைவரில் நாலு வரி எழுதி அந்தக் கோளாறை மறைத்திருந்தாள். அந்த வரிகளைப் பார்க்கிறவன் கோளாறையும் பார்த்துவிடுவான்.

தொண்ணூற்றொன்பதில், பிசான நெல் அறுவடை சமயம், நூர்முகம்மது மில்லுக்குப் புதுக் கணினி வந்தது. லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போட்டது. அவள் டிரைவர் அதில் ஓடாது. மில்லில் கணினி பார்க்கும் தேவதாசன் இரண்டு தடவை வந்து டிரைவரின் மூல வரிகளைக் கேட்டான். "நீங்களே எழுதிக்கிடுங்க" என்று அனுப்பிவிட்டாள். அவன் எழுதியேவிட்டான்.

மூன்றாம் நாள் காலையில் நூர்முகம்மதுவின் போன். "சித்ராம்மா, உடனே வாங்க. மேடைய மறிச்சிட்டாங்க."

மில் வாசலில் டிராக்டர்கள் தெருவரை நின்றன. மேடையில் இருந்த வண்டியை நகர விடாமல் சக்கரத்தில் சாய்ந்து நின்றார் விவசாயி கொம்பையா. அதில் இருந்தது அவர் நெல்.

"வாங்கம்மா. ஒரே வண்டி, மூணு தடவ பொத்தான அமுக்கியாச்சு, மூணு எடை. போடப் போடக் கூடுது. நெல்லு என்ன, மேடையில வச்சே விளையுதா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு நல்லவிதமாக இல்லை.

"வெறும் வண்டி போன பெறகு எங்க வண்டி ஏறினா எடை குறையுது. லோடு வண்டி போன பெறகு, நெல்ல இறக்கிட்டு எங்க வெறும் வண்டி ஏறினா, கழிக்கிற எடை கூடுது. ரெண்டுலயும் எங்களுக்குத்தான் அடி. இத பாய் செய்யாம வேற யாரு செய்வா?"

நூர்முகம்மது சித்ரலேகாவிடம் வந்தார். "எங்க வாப்பா காலத்துலேர்ந்து தராசு புடிக்கோம். இப்ப எங்களக் களவாணிங்காங்கம்மா."

"நான் எழுதினதுலதான் தப்பு போல, மேடம்" என்றான் தேவதாசன். "வேலைய விட்டுருதேன், பாய்."

சித்ரலேகா ஆமாம் என்று தலையசைத்தால் போதும். பத்து நிமிஷம் தனியாக உட்கார்ந்து நாலு வரியைச் சேர்த்து மறுபடி பூட்டிவிடலாம். கார்டின் பேருக்கு ஒன்றும் ஆகாது.

"தப்பு அவருதில்ல" என்றாள். "என் கார்டுல உள்ள சில்லுலயே கோளாறு. எனக்கு முதல்லயே தெரியும். மறைச்சிட்டேன்."



"இதுக்கா இத்தன பூட்டு?" என்றார் நூர்முகம்மது.

அவள் வரிகளைச் சொல்லச் சொல்ல, தேவதாசன் எடையறைக் கணினியில் தட்டினான். பிறகு மூன்று தடவை அமுக்கினான். மூன்றும் ஒரே எடை. கொம்பையா அப்போதும் சக்கரத்தை விடவில்லை.

"முந்தாநாளும் நேத்தும் போட்டவங்களுக்கு?"

"எந்த வண்டிக்குப் பெறகு எது வந்ததுன்னு பதிஞ்சிருக்கு. ஒவ்வொண்ணாத் திருத்தலாம்" என்றான் தேவதாசன்.

"நானும் கூட இருந்து பாக்கேன். அது வரைக்கும் வண்டி நகராது."

நூர்முகம்மது அவள் பக்கம் திரும்பினார். "மத்த அஞ்சு மில்லு?"

"அங்க என் டிரைவர்தான் ஓடுது, பாய். எடை சரியா இருக்கும்."

"இருக்கட்டும். பொழுது சாயுறதுக்குள்ள இந்தப் பேச்சு அங்கன போயிரும். யாரு வாயால போகணும்?"

சித்ரலேகா மேஜையிலிருந்த போனை இழுத்துக்கொண்டாள். விரல் ஒரு எண்ணைத் தவறாகச் சுற்றியது. வைத்துவிட்டு மறுபடி சுற்றினாள். மறுமுனையில் வீரவநல்லூர் மில்காரர் சங்கரசுப்பிரமணியன் எடுத்தார்.

"அண்ணாச்சி, பேட்டை சித்ரலேகா பேசுதேன். கார்டைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிருக்கேன். முழுசாக் கேட்டுட்டுப் பெறகு ஏசுங்க."