மூடி வைத்த கண்ணாடி

மாத்தளையில் எங்கள் கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே என் தம்பி றம்ஸியும் கண்ணாடிக் கடை திறந்த நாள் முதல், என் கணவர் ஹுஸ்னிக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அங்கே யார் போகிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று பார்ப்பதே அவருக்குப் பாதி வேலை. மீதி வேலையை நான் பார்த்தேன். யன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் என் கையால் வெட்டியதுதான்.

ஹுஸ்னி கெட்ட மனிதர் இல்லை. ஏழை வீட்டு யன்னல் உடைந்தால் கூலி வாங்க மாட்டார். றம்ஸி என்ற பெயரைக் கேட்டால் மட்டும் முகம் கறுத்துவிடும்.

சீகிரியாவில் ஒரு புதிய ஹோட்டலின் யன்னல் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அவர் வாழ்நாளில் இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. கண்ணாடியை மொத்தமாக இறக்கினார்.

"றம்ஸிக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா விலையக் குறைச்சுச் சொல்லி வேலையத் தட்டிப் பறிச்சிடுவான்."

அவசரத்தில் இடையில் கடதாசிகூட வைக்காமல் அடுக்கி, பின்தாழ்வாரத்தில் கறுப்புப் பொலித்தீனால் இறுகச் சுற்றிக் கட்டினார். மழை பிடித்தது. தாழ்வாரம் ஒழுகியது.

"ஒருக்கா அவிழ்த்துப் பாருங்களே," என்றேன்.

"அவன்ட கடையில ஆள் நிக்கிது," என்றார், எதிர்க் கடையிலிருந்து கண்ணை எடுக்காமல். கேட்ட போதெல்லாம் அதே பதில்தான்.

ஹோட்டலுக்கு ஏற்ற வேண்டிய நாளில் அவிழ்த்தோம். கண்ணாடிகளுக்கிடையில் தண்ணீர். ஓரமெல்லாம் ஈரத் தெருவில் சிந்திய பெற்றோல் மாதிரி நிறம் நிறமாக மின்னியது, நடுவில் வெள்ளை படர்ந்திருந்தது. சவர்க்காரம், வினாகிரி, தேசிக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஹுஸ்னி தலையில் கை வைத்துக் குந்திவிட்டார். நான் வெட்கத்தை விட்டுத் தெருவைக் கடந்து தம்பியைக் கூட்டி வந்தேன்.

றம்ஸி நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"இது அழுக்கு இல்ல மச்சான். கண்ணாடில உள்ள சோடா உப்பத் தண்ணி இழுத்தெடுக்கும். காத்துப் பட்டா தண்ணி காஞ்சிடும். மூடி வெச்சா அந்தச் சோடாத் தண்ணியே கண்ணாடியத் தின்னும். இனி ஒண்ணும் செய்ய ஏலாது. எண்ட கடையில உள்ளத ஏத்திட்டுப் போங்க, பொறகு பார்ப்போம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று ஹுஸ்னி கேட்டார்.

றம்ஸி தரையைப் பார்த்தான். "போன மாரி மழையில எனக்கும் ஒரு அடுக்குப் போச்சு. நீங்க கண்டிடுவீங்கண்டு மூடி வெச்சேன்."

ஹுஸ்னியின் முகம் மலர்ந்தது. பெருநாளன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

"என்னையப் பார்த்துப் பயந்தியா? நீயா?" என்றவர், என் பக்கம் திரும்பி, "ஜஸ்லா, மச்சானுக்குத் தேத்தண்ணி ஊத்து," என்றார்.

இருவரும் பழுதான கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யாரிடமிருந்து எதை ஒளித்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அடுப்படியில் நின்று வயிறெரிந்தேன். கண்ணாடி வெட்டுகிற என்னைப் பார்த்துப் பயந்து இதுவரை யாரும் எதையும் மூடி வைத்ததில்லை.