அத்தையின் போத்தலில் அப்பா ஊற்றியது

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு விடியற்காலையில் அப்பாவின் தங்கை ஒரு போத்தல் ரப்பர் பாலோடு லகாட் ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். அதில் நோயாளிகளுக்குப் பொருத்தும் மெல்லிய குழாய் செய்யப் போகிறாராம். சாதாரண ரப்பர் பட்டாலே சிலருக்கு உடம்பு தடித்து மூச்சு முட்டுமாம். இந்தப் பாலில் அந்தத் தொல்லையை நீக்கியிருக்கிறாராம். குளிரில் வைத்தால் மருந்து ஊற்றாமலே கெடாதாம். எட்டு மாத உழைப்பு. அன்று பகலுக்குள் பினாங்கில் மேலதிகாரியிடம் காட்டினால்தான் ஆய்வுக்கூட வேலை நீடிக்கும். இவ்வளவும் அவர் அம்மாவிடம் சொன்னபோது நான் ஒட்டுக்கேட்டவை. அந்த வித்தையில் என்னை மிஞ்ச எங்கள் தமான் குடியிருப்பில் ஆள் கிடையாது.

போத்தல் ஐஸ்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. யாரும் தொடக்கூடாது என்று அத்தை எங்களை எச்சரித்துவிட்டு, இரவெல்லாம் கார் ஓட்டி வந்த அலுப்பில் சற்றுக் கண்ணயரப் போனார். அப்பா அப்போது வெளியே லாரி கழுவிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்க வந்த அப்பா போத்தலைப் பார்த்தார். ரப்பர் தோட்டம் மூடும்வரை பாலுக்கு மரம் வெட்டியவர், சும்மா போவாரா? திறந்து முகர்ந்தார். பால் கெடாமலிருக்க ஊற்றும் அமோனியாவின் நெடி துளியும் இல்லை.

“பாவம் புள்ள, மருந்து ஊத்த மறந்துட்டா. நாறிப்போனா சாயாங்லா, வீணால்ல போயிடும்,” என்றார் என்னிடம்.

கெடப்போகிற பாலில் அமிலம் ஊற்றி உறையவைத்துவிட்டால் கட்டியாகவாவது விலைக்குத் தேறும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. அம்மாவின் வினிகரை எடுத்து நிதானமாக ஊற்றிக் கலக்கினார். தங்கையின் தூக்கத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தொடக்கூடாது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை என் வாயை அடைத்துவிட்டது.

அத்தை எழுந்து வந்தபோது போத்தலுக்குள் வெள்ளைக் கட்டி. அப்பா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“நாந்தான் ஊத்துனேன். இல்லன்னா இந்நேரம் கெட்டுருக்கும்.”

அத்தை போத்தலைச் சாய்த்தார். கட்டி அசையவில்லை. மூடியை மெல்லத் திருகி மூடினார்.

“நல்லா கட்டியிருக்குண்ணே, இதான் வேணும்,” என்றார்.

பிறகு குளியலறைக்குள் போனார். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவில் காதை வைத்தேன். “என் தப்புதான் சார். நாந்தான் சரியா பாத்து வைக்கல,” என்று கைத்தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கண் சிவந்து வெளியே வந்தவரை மடக்கினேன்.

“அத்தே, இதுல கொழா செய்ய முடியுமா?”

“முடியாது.”

“அப்புறம் ஏன் இதான் வேணும்னீங்க?”

“உங்கப்பாகிட்ட இதக் கேக்காத, என்னம்மா?”

அந்த வேலை போயிற்று. இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, வேறோர் ஆய்வுக்கூடத்தில் முதலிலிருந்து ஆரம்பித்துக் குழாயைச் செய்து முடித்தார். அதற்குப் பால் கட்டிக் கொடுத்ததே தான்தான் என்று அப்பா இன்றும் ஆயர் தாவார் ஊர்வரை சொல்லித் திரிகிறார். பக்கத்தில் இருந்தால் அத்தையும் தலையாட்டுவார்.

அன்று அவர் கிளம்பும்போது, அப்பா போத்தலைத் துண்டில் சுற்றி, காரின் முன்னிருக்கையில் பத்திரமாக வைத்தார். அத்தை கண்ணாடியை இறக்கி எனக்குக் கையசைத்தார். நான் அசைக்கவில்லை. விஞ்ஞானம் படித்தவர் ஒரே நாளில் இரண்டு பொய் சொல்லலாமா என்று எனக்கு அவ்வளவு கோபம்.