உப்பு வயலுக்கு அடித்த டானிக்

பயிருக்கு மருந்தடிக்கிற தொழில்ல ஒரு நியாயம் உண்டு: பயிர் பிழைச்சா டானிக்குக்குப் பேரு, கருகினா அடிச்சவனுக்குப் பேரு. டேங்க் சுமந்து முதுகுத்தோல் உரிஞ்ச கூட்டாளிங்களே, இதை உங்களுக்கு நான் சொல்லணுமா?

ஊசி

சங்கராபுரம் பக்கம் கோவிந்தன்னு ஒரு குத்தகைக்காரன். போர்வெல் தண்ணி உப்பு. வரப்பெல்லாம் வெள்ளை பூத்து, நெல்லு நுனி கருகி நின்னுது. நிலத்துக்காரர், "இந்தப் போகமும் போச்சின்னா நிலத்தை விட்டுடு"ன்னுட்டார். பயந்துபோன கோவிந்தன் என்னையும் கூட்டிக்கினு உரக்கடைக்குப் போனான். கடைக்காரர் இலையில தெளிக்கிற டானிக்கை எடுத்து வெச்சார். "உப்பு வேருல இருக்குது, நீங்க இலைக்கு மருந்து குடுக்குறீங்களே"ன்னேன்.

"பெரியவரே, தலைவலிக்குத் தலையிலயா ஊசி போடுறாங்க?"

மத்தியானக் கரண்ட்

டானிக் கலக்க கோவிந்தன் நம்பினது மோட்டார் தண்ணியை. மோட்டாருக்குக் கரண்ட் வந்ததோ உச்சி வெயில்ல. அந்த உப்புத் தண்ணியிலயே கலக்கினோம். கெட்டுப்போன பால் மாதிரி திரிஞ்சிது. மருந்து பீச்சுற நாசில் அடைச்சிக்கினே இருக்க, துடைப்பக் குச்சியால குத்திக் குத்தி அடிச்சு முடிச்சேன். நுனி மட்டும் கருகியிருந்த பயிர், ரெண்டொரு நாள்ல இலையெல்லாம் வெந்துபோச்சு. கடைக்காரருக்கு போன் போட்டா, மனுஷன் சந்தோஷப்படுறார்.

"சத்து உள்ள பூந்துட்டுதுன்னு அர்த்தம். இன்னொரு டின் எடுத்துக்கினு போங்க."

கேன் தண்ணி

அந்த டின்னோட மறுபடி போனேன். கோவிந்தன் பொண்டாட்டி செல்வி சோறு கொண்டாந்தா, கூடவே வெலைக்கு வாங்கின கேன் தண்ணி. "மோட்டார் ஓடுதே, கேன் எதுக்கும்மா?"ன்னேன்.

"அய்ய, அதைக் குடிச்சா வயித்தால போவும் பெரியப்பா. பருப்புகூட வேவாது."

கோவிந்தன் சோத்தை வாய்ல போடாம கேனைப் பார்த்தான், வயலைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு முழிக்கிற? பருப்பு வேவாத தண்ணியில டானிக் மட்டும் கரையுமா?"ன்னா செல்வி.

ஒரு சொம்பு

அன்னையிலருந்து கோவிந்தன் ஏரித் தண்ணியை வண்டியில கட்டிக் கொண்டாந்தான்; நான் சாயங்காலத்துல அடிச்சேன். நடுவுல ஒரு நல்ல மழையும் பேஞ்சு வயலை அலசிட்டுப் போச்சு. பள்ளத்து மூலை போனது போனதுதான். மீதி பச்சை கட்டி, கதிர் பிடிச்சிது. எதனால பிழைச்சிதுன்னு என்னைக் கேக்காதீங்க. தன் டின்னாலதான்னு கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கார்.

பச்சையைக் கேள்விப்பட்டு நிலத்துக்காரர் வந்தார். டவுன்ல இருக்கிறவர், நிலத்தோட பத்திரம் தெரியும், தண்ணி தெரியாது. "நிலம் நல்லாயிட்டுது கோவிந்தா, அடுத்த போகம் நானே பண்ணிக்கறேன்"ன்னார். வெயில்ல வந்த களைப்புல அவர் தண்ணி கேட்டார். செல்வி கேனைத் தாண்டிப் போயி, மோட்டார் குழாய்ல ஒரு சொம்பு பிடிச்சு, ரெண்டு கையாலயும் பணிவா நீட்டினா. ஒரு வாய்தான் குடிச்சார், துப்பிட்டார். "உங்க நிலத்துத் தண்ணிதாங்க"ன்னா செல்வி. அவர் வண்டிச் சாவியைத் தேடிக்கினே சொன்னார்:

"நிலம் உன் கைக்குத்தான் ராசி கோவிந்தா, நீயே வெச்சிக்கோ."

டின் டின்னா அடிச்ச டானிக் பயிருக்கு இன்னா பண்ணிச்சோ தெரியாது, அந்த ஒரு சொம்பு உப்புத்தண்ணிதான் கோவிந்தனை அந்த நிலத்துல வேர் பிடிக்க வெச்சது.