ஏகாம்பரம் உருவிய அட்டை

புதுவாயல் டீக்கடையில் நாஷ்டா தின்றுகொண்டிருந்தபோது எங்கள் ஷெட் ஃபிட்டர் முனுசாமி வந்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மூணு மில்லி, உங்க ஏகாம்பரம் பூட்டாருப்பா. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்துக்கினாராம், எழுந்துக்கல.” நான் மிச்ச இட்லியைத் தின்று முடித்தேன். இன்னொரு டீயும் சொன்னேன்.

தொழிற்சாலை மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்கிறார்கள். நல்லதையே முதலில் சொல்லித் தொலைக்கிறேன். நான் கணக்குப் போட்ட வடிவமைப்புப் பிரிவின் தலைவராக இருந்த அவருக்குக் கையெழுத்து அழகு. தினமும் சலவைச் சட்டை. அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், எழுபதுகளின் தொடக்கத்தில், நம்மிடம் ஏது கம்ப்யூட்டர்? கணக்கைத் துளை அட்டைகளில் அடித்து, கட்டாகக் கட்டி, கும்மிடிப்பூண்டியில் ரயிலேற்றிச் சென்னைக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்புவோம். விடை வர ஒரு வாரம். சைன் மதிப்பை அங்கிருந்த கம்ப்யூட்டரே தரும், ஒரு சொல் எழுதினால் போதும். ஏகாம்பரம் விடமாட்டார். “எவனோ எழுதுன சைனை நான் இன்னாத்துக்கு நம்பணும்?” என்பார். ஆகவே தொடராக நாமே எழுத வேண்டும்: கோணம், அதிலிருந்து முப்படியில் ஒரு பங்கு கழித்தல், ஐந்தாம் படியில் ஒரு பங்கு கூட்டல், ஏழாம் படியில் மறுபடி கழித்தல். “நாலு உறுப்பு போதும்பா, அஞ்சாவது ஆடம்பரம்” என்பது அவருடைய வேதம்.

நாலு உறுப்பு தொண்ணூறு டிகிரி வரைதான் தாங்கும். அந்தத் தடவை கணக்கு நூற்றெண்பது வரை போக வேண்டும், அதனால் நான் ஓர் அட்டை சேர்த்தேன்: கோணம் தொண்ணூறைத் தாண்டினால் நூற்றெண்பதிலிருந்து கழித்துக்கொள். பின்பக்கம் பென்சிலில் “மடக்கு” என்று குறித்தும் வைத்தேன். கட்டைச் சரிபார்க்கிறேன் என்று வாங்கிப் போனவர் அந்த அட்டையை உருவிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விடை வந்ததும் லாக் புத்தகத்தோடு ஒப்பிட்டார். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது, தொண்ணூறு. மூன்று தசமம் அப்படியே ஒத்துப்போயிற்று. லாக் புத்தகத்தின் அட்டவணை தொண்ணூறோடு முடிகிறது, ஏகாம்பரமும் அங்கேயே முடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நூற்றெண்பதில் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் மைனஸ் 0.075 உட்கார்ந்திருந்தது. சுற்றும்போது தண்டை நாற்பது மில்லிமீட்டர் ஏற்றி இறக்கும் கேம் என்ற தட்டுக்குத்தான் இந்தக் கணக்கு; அதில் அது மூன்று மில்லிமீட்டர் பள்ளம். கடைந்து முடித்த எஃகு கேமை எந்திரத்தில் மாட்டிய அன்று, சுற்றுக்கு ஒரு தரம் ‘டங்’ என்று அடித்தது. ஷெட்டே கூடி நின்று கேட்டது.

மேலாளர் முன்னால் ஏகாம்பரம் சொன்னது: “கணக்கு சண்முகம் போட்டது சார். நான் பாத்த வரிக்கும் கரெக்டா இருந்துச்சு.” ஓர் அட்டை குறைகிறது என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அப்படி ஒரு அட்டையே இல்ல சார்” என்றார். என்னை ஸ்டோரில் போல்ட் எடுத்துக்கொடுக்க அனுப்பினார்கள். ஷெட் எனக்கு ‘மூணு மில்லி’ என்று பெயர் வைத்தது. ஆறு வருடமாக கேட் வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். இந்த ஆறு வருடமும் ஏகாம்பரம் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் நடப்பார். அட்டையை உருவியதையே மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு அவரை நல்லவராக நினைத்திருக்கிறேன், பாருங்கள்.

காரியத்துக்குத் திருப்பாச்சூர் போனேன். ஊர் வாய்க்குப் பயந்துதான் போனேன். அவர் மனைவி உள்ளே போய் அந்த லாக் புத்தகத்தை எடுத்துவந்தார். “இதுல ஒரு அட்ட கீதுண்ணா. சண்முகத்தோடதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு. குடுக்கறேன் குடுக்கறேன்னு குடுக்காமலே பூட்டாரு.” சைன் பக்கத்தில், தொண்ணூறுக்கு நேராக, அந்த அட்டை. பின்பக்கம் என் பென்சில் எழுத்து. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினேன். அந்த அம்மாள் முன்னால் நின்று பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

மனசு உறுத்தியது, அதனால் வைத்திருந்தார் என்று முனுசாமி சமாதானம் சொல்கிறார். உறுத்தினால் வாயைத் திறந்திருக்கலாமே. ஸ்டோர் என்ன, காசியிலா இருந்தது? நாற்பது அடி.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அட்டைதான். ஸ்டோர் கவுண்டரில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வரும்போது சண்முகம் என்று கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள்.