ரினாய் மொழிபெயர்த்த ‘கில்ட்டி’

சிபு நீதிமன்றத்தில் இபான் பழங்குடிக்காரர்கள் தங்கள் மொழியில் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும், அங்கே பேசும் ஆங்கிலத்தை அவர்களுக்குச் சொல்வதும்தான் ரினாயின் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷம். அவளைப் போல இன்னொருத்தி வரப்போவதில்லை, அடித்துச் சொல்லலாம்.

அன்றைக்குக் கூண்டில் நின்றவர் பெலாயோங். காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டது மச்சானின் தொடையில் பாய்ந்துவிட்டது. முந்தின வாரம்தான் இருவருக்கும் ஒரு டுரியான் மரத்துக்காகச் சண்டை. அது போதாதா? வேண்டுமென்றே சுட்டார் என்று போலீஸ் வழக்கு. கில்ட்டி என்று ஒப்புக்கொண்டால் விசாரணையே கிடையாது, நேரே சிறை. பாவம், வக்கீலும் இல்லை.

குற்றச்சாட்டை வரி வரியாகச் சொல்லிவிட்டு ரினாய் கேட்டாள். “ஒத்துக்கிறீங்களா மாமா?”

“தப்பு என்னோடதுதான்,” என்றார் பட்டென்று.

ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் நீண்டவீட்டு மனிதர் வேறென்ன சொல்வார்? துப்பாக்கி யாருடையதோ தப்பும் அவருடையது. தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அடிபட்டவன் வாசலில் தலைகுனிந்து, ஈடாகப் பன்றியும் ஜாடியும் கொடுக்கவேண்டும். மாட்டேன் என்பவனோடு ஒருத்தரும் உட்கார்ந்து சோறு தின்னமாட்டார்கள்.

நீதிபதி பேனாவைத் திறந்து எழுதியேவிட்டார். “கில்ட்டி, அப்படித்தானே?”

“கொஞ்சம் பொறுங்க ஐயா. அவர் சொன்னது அது இல்ல.”

“உங்க வேலை மொழிபெயர்க்கிறது. வாதாடுறது இல்ல.”

“மொழிபெயர்ப்பு இன்னும் முடியலீங்க.”

வேலைக்கே உலை வைக்கிற பதில். சொல்லிவிட்டுக் கூண்டின் பக்கம் திரும்பினாள்.

“மாமா, நம்ம வழக்கத்தை விடுங்க. அங்க நிக்கிறது மச்சான்னு தெரிஞ்சேதான் சுட்டீங்களா?”

பெலாயோங்குக்கு ரத்தம் தலைக்கேறியது. “அடி இவளே! என்ன பேச்சு பேசுற? மச்சான்னு தெரிஞ்சா சுடுவேனா? உனக்கு வெக்கமா இல்ல?”

ஒரு சொல் விடாமல், தனக்கு விழுந்த வசவையும் சேர்த்து, ஆங்கிலத்தில் சொன்னாள் ரினாய். நீதிபதி எழுதிய சொல்லை அடித்தார். வழக்கு விசாரணைக்குப் போயிற்று, வக்கீலும் அமர்த்தப்பட்டார். மூன்றாம் மாதம் மச்சானே ஊன்றுகோலோடு வந்து சாட்சி சொல்ல, விடுதலை.

“இருந்தாலும் தப்பு என்னோடதுதான்னு அந்த ஐயாகிட்ட சொல்லிடும்மா,” என்றார் வெளியே வந்த பெலாயோங்.

“வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க மாமா, புண்ணியமாப் போகும்!”

ரினாயின் மேஜையில் ஒரு பழைய நோட்டு உண்டு. ஒவ்வொரு சட்டச் சொல்லுக்கும் எதிரே இபானில் பொருள் எழுதியிருப்பாள். கில்ட்டிக்கு எதிரே மட்டும் பொருள் இல்லை, சிபாத் என்று ஓர் ஆளின் பெயர். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவனும் இதே கூண்டில் நின்று, தப்பு என்னுடையதுதான் என்றான். கில்ட்டி என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். அவன் மூன்று வருஷம் உள்ளே இருந்தான்.