மூளை என்னுடையது என்றவர்

ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, கண்டியில் ஓர் அச்சகத்துக்குப் புத்தக அட்டைகள் வரையப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் பெயர் பெற்ற ஓவியர். இளம் பிள்ளைகளைக் கைதூக்கி விடுவதாக மேடைதோறும் சொல்லிக்கொள்வார். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது, தன் பிளேன்டித் தேநீருக்கு எவ்வளவு சீனி என்பதை மட்டும்தான்.

தொழிலைக் கற்றுத் தந்தவள் பக்கத்து மேசைக்காரி. கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் பெண், என் வயதுதான். கணினியில் எழுத்துகளை அமைப்பது அவள் வேலை. எழுத்தை எனக்கு அவள் காட்டினாள். வர்ணத்தை அவளுக்கு நான் காட்டினேன்.

ஒரு பெண் எழுத்தாளரின் நாவலுக்கு, மழை வழியும் பஸ் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகத்தை வரைந்தேன். புத்தகம் அச்சாகி வந்தபோது அட்டை ஓவியம் என்ற இடத்தில் எங்கள் ஓவியரின் பெயர் இருந்தது. போய்க் கேட்டேன்.

"முதல்ல தொழிலப் படிங்க தங்கச்சி. பேரெல்லாம் பொறகு பார்த்துக்கலாம்."

வெளியீட்டு விழாவில் எழுத்தாளர் அந்தப் படத்தை வாயாரப் புகழ்ந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவரும் கூசாமல் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

"ஒங்கட படம்தானே? ஏன் பேசாம ஈக்கிறீங்க?" என்றாள் தோழி.

எழுந்து நின்றேன். "அந்தப் படத்த வரைஞ்சது நாந்தாங்க."

அவர் சிரித்தார். "நான் வளர்த்த புள்ளதான். கை அவங்களோடது, மூளை என்னோடது."

சபை கைதட்டியது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது.

மறுநாள் எனக்கு வேலை இல்லை என்றார்கள். தோழியை யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே பையை எடுத்துக்கொண்டு என்னோடு படியிறங்கினாள். அவள் வாப்பாவின் கடைக்கு மேலிருந்த அறையில், ஒரு பழைய கணினியோடு தொடங்கினோம். முதலில் கல்யாண அட்டைகள்தான். ஆட்களிடம் பேச எனக்குத் தயக்கம், அவள் பேசினாள். அவள் சோர்ந்துபோன நாட்களில் அவள் வேலையையும் நான் செய்தேன்.

ஒரு நாள் அந்த எழுத்தாளரே தேடி வந்தார். "அண்டைக்கே நான் விசாரிச்சிருக்க வேணும் பிள்ளை," என்று சொல்லி அடுத்த நாவலைத் தந்தார். அதில் எங்கள் இருவர் பெயரும் வந்தது.

இப்போது அந்த ஓவியர் எங்களைத் தன் மாணவிகள் என்று சொல்லித் திரிகிறார். போன மாதம் தன் பயிற்சி வகுப்புக்குச் சிறப்பு விருந்தினராக வரச்சொல்லி அழைத்தார். தோழி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"எங்களுக்கு நீங்க என்னத்த படிச்சுத் தந்தீங்க சேர்? ஒண்டே ஒண்டு சொல்லுங்க, வாறோம்."

அவர் போனை வைத்துவிட்டார்.